ஆவணப்பட சேனலுக்குப் படம் தருவது எப்படி? வாசகர் கேள்வி - பதில்

ஆவணப்படங்களை மட்டுமே ஒளிபரப்பும் சேனல்களைப் பற்றி வந்த கேள்விகளில், படம் எடுப்பவர்களுக்கும் எடுக்க நினைப்பவர்களுக்கும் உடனடியாகப் பயன்படக் கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பல கேள்விகள் ஒரே இடத்தைச் சுற்றி வந்ததால் சிலவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஆவணப்படம் மட்டும் காட்டும் சேனல் 24 மணி நேரத்தையும் எப்படி நிரப்புகிறது? பார்த்த படமே திரும்பத் திரும்ப வருகிறதே, ஏன்?

பதில்: கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். மணிக்கு ஒரு படம், அதுவும் ஒரே ஒரு முறை என்றால் 8,760 படங்கள் வேண்டும். எந்த சேனலாலும் முடியாது. ஒவ்வொரு படத்தையும் ஆறு முறை காட்டினால் 1,460 போதும். பத்து முறை என்றால் 876. மறுஒளிபரப்பு இல்லாமல் இப்படியொரு சேனலை நடத்தவே முடியாது.

வழக்கமான ஏற்பாடு இதுதான்: எட்டு மணி நேர நிகழ்ச்சி வரிசை ஒன்றைத் தயாரித்து அதை நாளுக்கு மூன்று முறை ஓட விடுவார்கள். மாலையில் வேலைக்குப் போகிறவர் அதே படத்தைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம். புதுப்படம் இரவு முதன்மை நேரத்தில் வரும். நள்ளிரவுக்குப் பின், மறுநாள் பிற்பகல், வார இறுதி என்று அது மீண்டும் தலைகாட்டும்.

படம் விற்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் 'மூன்று ஆண்டில் ஆறு ரன்' என்று இருந்தால், ஆறு முறைதான் காட்டுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் ஒளிபரப்பும் அதைத் தொடர்ந்து குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் வரும் மறுஒளிபரப்புகளும் சேர்ந்துதான் பல ஒப்பந்தங்களில் ஒரு ரன். அந்தக் கால அளவு 24 மணி நேரமா, 72 மணி நேரமா, ஏழு நாளா என்பதை விளக்கப் பகுதியில் தேடிப் படியுங்கள். ஏழு நாள் என்றால் ஆறு ரன் என்பது இருபது முப்பது ஒளிபரப்பாகக்கூட நீளலாம். அதற்குப் பிறகு இன்னொரு சேனலிடம் போனால், "எல்லாரும் பார்த்த படமாயிற்றே" என்ற பதில் வரும்.

கேள்வி: ஆவணப்பட சேனல் என்று தொடங்கியவை நாளடைவில் வேறு மாதிரி ஆகிவிடுவது ஏன்?

பதில்: தனிப்படத்தை விடத் தொடர் மலிவு. பத்துத் தனிப்படங்களுக்குப் பத்து ஆய்வு, பத்து குழு, பத்து விளம்பர முன்னோட்டம் தேவைப்படும். பத்து அத்தியாயத் தொடருக்கு எல்லாமே ஒன்றுதான். பார்வையாளர் அடுத்த வாரமும் அதே நேரத்துக்கு வருவார் என்ற உறுதியும் கிடைக்கிறது. டிஸ்கவரி சேனல் 1985 ஜூன் 17 அன்று அமெரிக்காவில் தொடங்கியபோது அறிவியல், இயற்கை ஆவணப்படங்களே அதன் சரக்கு. பின்னாளில் மனிதர்களின் தொழிலையும் சாகசத்தையும் பின்தொடரும் தொடர்கள் அங்கே பெரும் இடம் பிடித்தன. கனடாவில் 2001 செப்டம்பரில் ஆவணப்படத்துக்கென்றே தொடங்கிய சேனல், பிறகு பொதுத்துறை ஒளிபரப்பாளரான சிபிசியின் கைக்கு வந்தது. அமெரிக்காவில் அதே வகைப் பெயருடன் ஓடிய இன்னொன்று 2013 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டு, அந்த அலைவரிசையில் வேறு சேனல் வந்துவிட்டது. பொதுப்பணமோ நிலையான சந்தாப் பணமோ பின்னால் இல்லாமல் தனிப்படங்களை மட்டும் நம்பி ஒரு சேனல் நிற்பது கடினம் என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: என் படம் 73 நிமிடம். சேனல் 52 நிமிடம் கேட்கிறது. 21 நிமிடத்தை எங்கே வெட்டுவது? 52 என்ற எண் எங்கிருந்து வந்தது?

பதில்: வெட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: அவர்களிடம் 90 நிமிட ஸ்லாட் (ஒளிபரப்பு நேரத் துண்டு) இருக்கிறதா? இருந்தால் 73 அதற்கு அருகில்தான் இருக்கிறது. மின்னஞ்சலில் அதைக் கேட்காமலே படத்தைச் சிதைத்தவர்கள் உண்டு.

ஒரு மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம், அடுத்த நிகழ்ச்சி முன்னோட்டம், சேனல் அடையாளம் எல்லாம் போக மிஞ்சுவதே படத்தின் நீளம். விளம்பரம் குறைவாக உள்ள இடங்களில் அது 52 நிமிடம். விளம்பரம் அதிகம் உள்ள சேனல்களில் 44 முதல் 48 வரை இறங்கும். இந்த 52-க்குள் தொடக்கத் தலைப்பும் முடிவுப் பெயர்வரிசையும் அடக்கம். பெயர்வரிசைக்கு 30 நொடிதான் என்று சொல்லும் சேனல்களும் உண்டு. உங்கள் படத்தில் அது மூன்று நிமிடம் என்றால் முதல் இரண்டரை நிமிடம் அங்கேயே கிடைத்துவிட்டது.

இனி வெட்டும் வேலை. 21 நிமிடம் என்பது படத்தில் கிட்டத்தட்ட 29 சதவீதம். ஒவ்வொரு ஷாட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளினால் அவ்வளவு கிடைக்காது. கிடைத்தாலும் படம் மூச்சு வாங்கும். எல்லாக் காட்சித் தொகுதிகளையும் அட்டையில் எழுதி, ஒவ்வொன்றின் நீளத்தையும் பக்கத்தில் குறியுங்கள். பிறகு ஒரு முழு இழையைத் தேடுங்கள்: ஒரு துணைப் பாத்திரம், ஒரு கிளைக்கதை, ஒரு வரலாற்றுப் பின்னணி. எதை எடுத்தால் மற்றவற்றுக்குப் புரியாமை வராதோ அதை முழுதாகத் தூக்குங்கள். எட்டிலிருந்து பத்து நிமிடம் ஒரே வெட்டில் போய்விடும். அடுத்து, ஒரே செய்தியை இரண்டு பேர் சொல்லும் பேட்டிகளில் ஒருவரை விடுங்கள். அதற்கும் பிறகுதான் ஷாட் நீளங்களில் கை வைக்க வேண்டும்.

தொடக்கத்தைத் தனியாகப் பாருங்கள். திரையரங்கில் உட்கார்ந்துவிட்டவர் எழுந்து போக மாட்டார். நான்கு நிமிடம் பேச்சே இல்லாத தொடக்கம் அங்கே செல்லும். தொலைக்காட்சியில் ரிமோட் கையில் இருக்கிறது. முதல் ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்குள் இது யாரைப் பற்றிய படம், என்ன நெருக்கடி என்பது தெரிந்தாக வேண்டும்.

விளம்பர இடைவேளை இருக்கும் சேனல் என்றால், எங்கே நிறுத்தலாம் என்பதை நீங்களே முடிவு செய்து டைம்கோடுடன் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள மணி, நிமிட, நொடி எண்) பட்டியல் கொடுங்கள். கேள்வி எழுந்து, பதில் வருவதற்கு முன் உள்ள இடமே நல்ல இடம். நீங்கள் கொடுக்காவிட்டால் அங்குள்ள ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து வெட்டுவார்; அது ஒருவர் அழுதுகொண்டிருக்கும் இடமாக இருக்கலாம்.

நீண்ட வடிவத்தின் டைம்லைனை (எடிட்டிங் மென்பொருளில் காட்சிகளை அடுக்கிய வரிசையை) அப்படியே பாதுகாத்து, நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். இசையமைப்பாளரிடமும் முன்பே சொல்லி வையுங்கள். முடிந்த ஒலிக்கலவையை வெட்டினால் ஒவ்வொரு வெட்டிலும் இசை துள்ளும்.

கேள்வி: படத்தை எடுத்து முடித்துவிட்டு சேனலை அணுக வேண்டுமா, எடுக்கும் முன்பேயா?

பதில்: இரண்டுக்கும் வழி உண்டு, கதவுகள்தான் வேறு. முடிந்த படம் என்றால் கொள்முதல் பிரிவு. அது ஒளிபரப்பு உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட பகுதிக்கு வாங்கும். படம் உங்களுடையதாகவே இருக்கும், பணம் குறைவு. எடுக்கும் முன் என்றால், புதுப்படம் எடுக்கும் பொறுப்பைத் தரும் சேனல் ஆசிரியரை (கமிஷனிங் எடிட்டர்) பார்க்க வேண்டும். சேனல் முழுச் செலவையும் ஏற்றால் பெரும்பாலும் உரிமையும் அதன் கைக்குப் போகும், கதை எப்படிப் போக வேண்டும் என்பதில் சொல்லும் இருக்கும். இடையில் ஒன்று உண்டு: முன்கொள்முதல். செலவில் ஒரு பங்கை முன்பே தந்து, தங்கள் பகுதிக்கான உரிமையை மட்டும் பிடித்து வைப்பார்கள். பல நாட்டுச் சேனல்களிடம் இப்படிப் பங்கு பங்காகச் சேர்த்து முடிக்கப்படும் படங்கள் ஏராளம். ஆம்ஸ்டர்டாமில் 1988 முதல் நடக்கும் இட்ஃபா, டொரொண்டோவில் 1993-இல் நிறுவப்பட்ட ஹாட் டாக்ஸ் போன்ற ஆவணப்பட விழாக்களில், படம் எடுப்பவர்கள் சேனல்காரர்கள் முன் நேரடியாகத் தங்கள் திட்டத்தைச் சொல்லிப் பணம் திரட்ட மேடை இருக்கிறது.

அணுகும்போது ஒரு பக்கச் சுருக்கம், மூன்று நிமிட முன்னோட்டம், பட்ஜெட், கால அட்டவணை வேண்டும். எல்லாவற்றையும் விட எடை உள்ளது, உங்களால் மட்டுமே உள்ளே போக முடியும் என்பதற்கான கடிதம்: அந்தக் குடும்பமோ நிறுவனமோ உங்களுக்குப் படம் எடுக்க ஒப்புக்கொண்டதற்கான எழுத்து. நல்ல தலைப்பு எல்லாரிடமும் இருக்கும், இந்தக் கடிதம் இருக்காது.

கேள்வி: படத்தை இணையத்தில் ஏற்றிவிட்டேன். இனி சேனல் வாங்குமா?

பதில்: பெரும்பாலும் வாங்காது. இணையத்திலிருந்து நீக்கிவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்லிப் பேசிப் பாருங்கள்.

கேள்வி: பழைய செய்திப் படத்துணுக்குகளை இணையத்திலிருந்து எடுத்து 'நன்றி' போட்டால் போதாதா?

பதில்: போதாது. நன்றி சொல்வது மரியாதை, உரிமை வாங்குவது வேறு. சேனல் உங்களிடம் வாங்கும்போது படத்தில் உள்ள ஒவ்வொரு துண்டும் உங்களுக்கு உரிமையானது அல்லது உரிமம் பெற்றது என்று கையெழுத்து வாங்கும். வழக்கு வந்தால் அந்தக் கையெழுத்து உங்களைத்தான் தேடி வரும். வட அமெரிக்கச் சேனல்கள் பலவும் இதற்கென்று தனிக் காப்பீடே கேட்கும். காப்பீட்டு நிறுவனம் ஒப்புக்கொள்ள, வழக்கறிஞர் ஒருவர் படத்தை வரி வரியாகப் பார்த்துச் சான்று தர வேண்டும்.

இப்படிப் பிறரிடமிருந்து வாங்கும் பழைய காட்சிகளின் உரிமம் மூன்று அளவுகளில் தீர்மானிக்கப்படும்: எந்த ஊடகம், எந்தப் பகுதி, எத்தனை ஆண்டு. கட்டணம் நொடிக் கணக்கில் இருக்கும், ஆனால் துணுக்குக்கு இத்தனை நொடி குறைந்தபட்சம் என்ற விதியும் சேர்ந்திருக்கும். நான்கு நொடி மட்டும் பயன்படுத்திவிட்டு முப்பது நொடிக்குப் பணம் கட்ட நேரலாம். அதனால் ஒரே மூலத்திலிருந்து எடுப்பவற்றை ஒன்று சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

அடிக்கடி விழும் பள்ளம், 'விழாக்களுக்கு மட்டும்' என்று மலிவாக வாங்கும் உரிமம். விழாவில் படம் பேர் வாங்கி சேனல் கேட்கும்போது, எல்லாத் துணுக்குகளுக்கும் மீண்டும் பேச வேண்டியிருக்கும். அப்போது விற்பவருக்கு உங்கள் அவசரம் தெரிந்துவிடும். முதல் ஒப்பந்தத்திலேயே தொலைக்காட்சிக்கும் உலகம் முழுவதற்குமான விலையை எழுதி வாங்கி, 'விருப்பப்பட்டால் பின்னர் இந்த விலைக்கு' என்று நிறுத்தி வையுங்கள். நியாயமான பயன்பாடு என்ற விலக்கை (சில சூழல்களில் அனுமதியின்றிப் பயன்படுத்தப் பதிப்புரிமைச் சட்டம் தரும் இடம்) நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது நாட்டுக்கு நாடு வேறு. ஒரு நாட்டில் செல்லுபடியாவது இன்னொரு நாட்டின் ஒளிபரப்பில் காப்பாற்றாது.

இசைக்கு இரண்டு உரிமை. பாடல் வரியும் மெட்டும் ஒருவரிடம், அந்த ஒலிப்பதிவு வேறொருவரிடம். இரண்டையும் தனித்தனியாக வாங்க வேண்டும். பேட்டியின் பின்னால் எங்கோ வானொலியில் ஓடும் சினிமாப் பாட்டும் இதில் சேரும். அதனால் படப்பிடிப்பிலேயே வானொலியை அணைக்கச் சொல்லுங்கள். பேச்சோடு பதிந்துவிட்ட பாட்டைப் பின்னர் பிரித்தெடுக்கச் செலவாகும், முழுதாகவும் போகாது. முடிவில், எந்த இசை எந்த டைம்கோடிலிருந்து எந்த டைம்கோடு வரை, யாருடையது என்ற இசைப் பட்டியலை சேனலுக்குக் கொடுக்க வேண்டும். எடிட்டிங் நடக்கும்போதே அதை எழுதி வருவது அரை நாள் வேலை. கடைசியில் உட்கார்ந்தால் ஒரு வாரம்.

கேள்வி: 'ஒலி அளவு மீறியுள்ளது' என்று சேனல் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. என் கணினியில் நன்றாகத்தான் கேட்கிறது. என்ன செய்வது?

பதில்: காதுக்கு நன்றாகக் கேட்பது ஒன்று, அளவீடு வேறொன்று. ஐரோப்பாவிலும் அதைப் பின்பற்றும் நாடுகளிலும் ஈபியூ (ஐரோப்பிய ஒளிபரப்புச் சங்கம்) தந்த ஆர்128 விதிப்படி, படம் முழுவதற்குமான சராசரி ஒலி உரப்பு −23 எல்யூஎஃப்எஸ் (ஒலி உரப்பை அளக்கும் அலகு). உண்மை உச்சம் −1 டெசிபலைத் தாண்டக் கூடாது. வட அமெரிக்காவில் ஏ/85 விதிப்படி −24, உச்சம் −2. எது வேண்டும் என்பது சேனலின் தொழில்நுட்ப ஆவணத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் கலவைக்கு உட்காராதீர்கள்.

இணையத்துக்கு என்று கலந்த படங்கள் −14 அளவில் இருக்கும். சேனலுக்கு அது 9 டெசிபல் அதிகம். மொத்த ஃபைலையும் 9 குறைத்தால் எண் சரியாகிவிடும், படம் சரியாகாது. உரக்கக் கேட்க வேண்டும் என்று லிமிட்டர் (ஒலியின் உச்சங்களை அமுக்கும் கருவி) போட்டு நசுக்கிய ஒலி, குறைத்த பிறகு உயிரில்லாமல் தட்டையாகக் கேட்கும். கலவைக்குத் திரும்பி லிமிட்டரைத் தளர்த்தி, முதலில் பேச்சை −23 அருகே நிறுத்தி, மற்றதை அதற்குக் கீழே அமைப்பதே சரியான வழி. நீண்ட மௌனக் காட்சிகள் சராசரியைக் கெடுக்குமோ என்று பயம் வேண்டாம். மிகத் தாழ்ந்த பகுதிகளை மீட்டரே கணக்கிலிருந்து விட்டுவிடும்.

இரண்டாவது பொதுவான குறை, பின்னணிக் குரலுக்கு அடியில் ஓடும் இசை. எடிட்டருக்கு வசனம் மனப்பாடம், அதனால் அவருக்குப் புரியும். படத்தைப் பார்க்காத ஒருவரை உட்கார வைத்து, சாதாரணத் தொலைக்காட்சியின் ஒலிபெருக்கியில் கேட்க விடுங்கள். மூன்றாவது, மோனோவில், அதாவது இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கி, கேட்டுப் பாருங்கள். ஸ்டீரியோவின் ஒரு பக்கம் தலைகீழ் அலையாகப் பதிந்திருந்தால், இரண்டும் ஒன்றாகும்போது பேட்டி கொடுத்தவரின் குரலே காணாமல் போகும்.

பின்னணிக் குரல், பேட்டி, இசை, இயற்கை ஒலி ஆகிய நான்கையும் தனித்தனி ட்ராக்காக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு மொழிக்குக் குரல் மாற்ற இசையும் சத்தமும் மட்டும் உள்ள ட்ராக்கை சேனல் கேட்கும். குரலோடு கலந்துவிட்ட இசையை மட்டும் வைத்திருப்பவர் படத்தை மீண்டும் கலக்க வேண்டும்.

கேள்வி: கேமரா, செல்பேசி, ட்ரோன் என்று பல கருவிகளில் எடுத்த காட்சிகளைக் கலந்தால் அசைவு விக்கி விக்கி வருகிறது. ஏன்?

பதில்: ஃபிரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படச்சட்டங்கள் என்பது) ஒத்துப்போகவில்லை. ட்ரோன் நொடிக்கு 30 ஃபிரேம், உங்கள் டைம்லைன் 25 என்றால் மென்பொருள் ஆறில் ஒன்றைத் தூக்கி எறிகிறது. நொடிக்கு ஐந்து விக்கல். ட்ரோன் மெல்ல நகரும்போது அது பளிச்சென்று தெரியும். படப்பிடிப்புக்கு முன்பே சேனலின் வேகத்தைக் கேட்டு, எல்லாக் கருவியையும் அதில் வைப்பதுதான் மருந்து.

24 ஃபிரேமில் எடுத்ததை 25-க்கு மாற்றுவது எளிது. நான்கு சதவீதம் வேகமாக ஓட விடுவார்கள். ஆனால் 52 நிமிடப் படம் 49 நிமிடம் 55 நொடியாகச் சுருங்கும், குரலும் சற்று உயரும். நீளத்தை அதற்கேற்ப முன்பே கணக்கிடுங்கள், சுருதியைச் சரிசெய்யுங்கள்.

செல்பேசியில் வேறொரு தொல்லை. பெரும்பாலானவை ஃபிரேம் வேகத்தை நிலையாக வைப்பதில்லை. ஒளிக்கு ஏற்ப அது ஏறி இறங்கும். நீண்ட பேட்டியில் உதடும் குரலும் மெல்ல மெல்ல விலகுவது இதனால்தான். எடிட்டிங் தொடங்கும் முன்பே நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், நடுவில் மாற்றினால் வெட்டுகள் இடம் மாறும்.

விளக்கொளியில் பட்டை பட்டையாக மினுங்கினால் குற்றம் ஷட்டரில் இருக்கிறது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் ஷட்டர் வேகம் நொடியில் 1/50 அல்லது 1/100. 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/120. பதிந்த பிறகு இதைத் துடைப்பது பெரும்பாடு.

பழைய, சதுரத்தை ஒட்டிய 4:3 காட்சிகளை அகலத் திரைக்கு இழுத்து நீட்டாதீர்கள். முகங்கள் கொழுத்துப் போகும், சேனலின் தரப்பரிசோதனையிலும் தோற்கும். இருபக்கமும் கறுப்பு விட்டு வைப்பதே நேர்மை.

கேள்வி: தரப்பரிசோதனை அறிக்கையில் 'ஒளிமின்னல்' என்று ஒரு குறை. பத்திரிகையாளர் சந்திப்புக் காட்சிதான் அது. அதில் என்ன தவறு?

பதில்: கேமரா ஃபிளாஷ்கள். ஒளி மின்னி மின்னி மறைவது சிலருக்கு வலிப்பை உண்டாக்கும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான ஒரு கார்ட்டூன் அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்ன, அறுநூறுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஒளிபரப்பு விதிகள் இதில் கறாராக இருப்பதற்கு அது முக்கியக் காரணம். பொதுவான வரம்பு: திரையில் கால் பங்குக்கு மேல் பரப்பில், நொடிக்கு மூன்றுக்கு மேல் மின்னல் கூடாது. அடர்சிவப்புக்கு இன்னும் கெடுபிடி.

தானியங்கி மென்பொருள் இதைக் கண்டுபிடிக்கும், வாதாடிப் பயனில்லை. ஃபிளாஷ் விழுந்த ஃபிரேம்களை மட்டும் தனியாக வெட்டி, அவற்றின் வெளிச்சத்தை அடுத்த ஃபிரேமின் அளவுக்கு இறக்குங்கள். ஒரு சில ஃபிரேமை முந்தைய ஃபிரேமால் மூடிவிடலாம். அல்லது காட்சியை மெதுவாக ஓட விட்டு மின்னல்களின் இடைவெளியைக் கூட்டலாம். மாற்றிய பிறகு மறுபடி சோதியுங்கள். ஒன்றை இறக்கினால் பக்கத்தில் உள்ளது வரம்பைத் தாண்டுவது வழக்கம்.

அதே அறிக்கையில் பொதுவாக வருபவை இன்னும் இரண்டு. இரண்டு வெட்டுகளுக்கு நடுவே தப்பிக் கிடக்கும் ஒற்றை ஃபிரேம்: டைம்லைனைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். மற்றது, வண்ண அளவு மாற்றம். கறுப்பிலிருந்து வெள்ளை வரையான ஒளியளவுக்குக் கணினி 0 முதல் 255 வரை பயன்படுத்தும், ஒளிபரப்பு 8 பிட்டில் 16 முதல் 235 வரை. ஏற்றுமதியில் தவறான அமைப்பைத் தேர்ந்தால் படம் வெளிறிப்போகும், அல்லது கறுப்பு முழுவதும் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: தமிழ் சப்டைட்டில் போடும்போது ஆங்கிலத்துக்குச் சொல்லும் எழுத்துக் கணக்கே பொருந்துமா?

பதில்: பொருந்தாது. வரிக்கு 37 முதல் 42 எழுத்து, இரண்டு வரிக்கு மேல் கூடாது என்பது பொதுவிதி. ஆனால் மென்பொருள் எண்ணுவது யூனிகோடு குறிகளை. 'கொக்கு' நமக்கு மூன்றெழுத்து, மென்பொருளுக்கு ஆறு. 42-ஐத் தாண்டிவிட்டது என்று அது சிவப்பில் காட்டும்போது, வரியில் உண்மையில் இருபத்தைந்து எழுத்துதான் இருக்கும். மறுபக்கம், தமிழ் எழுத்துகள் அகலமானவை. 42 முழு எழுத்தை நிரப்பினால் திரையின் ஓரத்தைத் தொட்டுவிடும். எண்ணிக்கையை நம்பாமல் அகலத்தை வைத்து முடிவு செய்யுங்கள். எழுத்துகள் திரையின் நடு 90 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும்.

ஒரு வரி ஒரு நொடிக்குக் குறையாமலும் ஆறேழு நொடிக்கு மேற்படாமலும் நிற்கட்டும். அடுத்த வரிக்கு முன் இரண்டு ஃபிரேம் இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் வரி மாறியது கண்ணுக்குத் தெரியாது. ஷாட் மாறும் இடத்தைத் தாண்டி வரி நீடித்தால், புது வரி என்று நினைத்துக் கண் மறுபடி முதலிலிருந்து படிக்கும். நீண்ட தமிழ்ச் சொல்லை நடுவில் உடைக்காதீர்கள், வினைமுற்றைத் தனியாக அடுத்த வரிக்குத் தள்ளாதீர்கள்.

எழுத்துரு இன்னொரு கண்ணி. சில தலைப்பு மென்பொருள்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், புள்ளி தனியே மிதக்கும். எடிட்டிங் திரையில் சரியாக இருந்தாலும், ஏற்றுமதி செய்த ஃபைலை வேறொரு கணினியில் முழுதாகப் பாருங்கள். தமிழ் படிக்கத் தெரியாத பரிசோதகர் இதைக் கண்டுபிடிக்க மாட்டார், ஒளிபரப்பாகிவிடும்.

எழுத்தைப் படத்தோடு எரித்துத் தராதீர்கள். எழுத்தே இல்லாத சுத்தமான படம் ஒன்று, சப்டைட்டில் ஃபைல் தனியாக. பேசுபவரின் பெயர், ஊர்ப் பெயர்களும் இதில் சேரும். இல்லையென்றால் வேறு மொழிக்குப் போகும்போது ஒரு பெயரின் மேல் இன்னொரு பெயர் ஏறும்.

கேள்வி: டைம்கோடு 10 மணியில் தொடங்க வேண்டும் என்கிறார்கள். பூஜ்யத்தில் தொடங்கினால் என்ன?

பதில்: படத்துக்கு முன்னால் வண்ணப் பட்டை, சோதனை ஒலி, விவரப் பலகை, கறுப்பு ஆகியவை வருவதற்கு இடம் வேண்டும். பூஜ்யத்துக்கு முன் இடமில்லை. அதனால் ஐரோப்பிய வழக்கில் படத்தின் முதல் ஃபிரேம் 10:00:00:00. வட அமெரிக்காவில் 01:00:00:00. நொடிக்கு 29.97 ஃபிரேம் உள்ள இடங்களில் 'ட்ராப் ஃபிரேம்' வேண்டுமா என்றும் கேளுங்கள். அதில் ஃபிரேம் எதுவும் விழுவதில்லை, எண்கள்தான் விடப்படுகின்றன: ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இரண்டு எண், பத்தாவது நிமிடங்களில் மட்டும் இல்லை. மணிக்கு 108 எண். தவறான முறையில் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி பிசகும், உங்கள் இடைவேளைப் பட்டியல் முழுவதும் தப்பாகும்.

கேள்வி: பேட்டி கொடுத்தவரிடம் வாய்மொழிச் சம்மதம் போதுமா?

பதில்: எழுத்தில் வாங்குங்கள், அவருக்குப் புரியும் மொழியில். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், எதற்குச் சம்மதிக்கிறார் என்பதைப் படித்துக் காட்டி அவர் ஒப்புக்கொள்வதை கேமராவில் பதியுங்கள். சிறுவர்களுக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்து. 'எல்லா ஊடகங்களிலும்' என்ற சொல் படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டி முடிந்த அன்றே வாங்குங்கள், ஆறு மாதம் கழித்துத் தேடிப்போனால் அவர் மனமும் முகவரியும் மாறியிருக்கும்.

கேள்வி: படத்தை ஒப்படைத்த பிறகு மூலக் காட்சிகளை அழிக்கலாமா?

பதில்: வேண்டாம். உரிமக் காலம் முடியும் வரையாவது வைத்திருங்கள்; வேறு நீளம், வேறு மொழி என்று எப்போது கேட்பார்கள் என்று தெரியாது. மூன்று பிரதிகள், இரண்டு வகை சாதனங்கள், ஒன்று வேறு கட்டடத்தில். ஹார்ட் டிஸ்க்கை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள், ஆண்டுக்கு ஒரு முறையாவது இயக்கிப் பாருங்கள். நீண்ட காலத்துக்கு, தரவைச் சேமிக்கும் காந்த நாடாவான எல்டிஓ டேப் மேல். ஆனால் ஒரு டேப் இயந்திரம் தனக்கு முந்தைய ஓரிரு தலைமுறைகளுக்கு மேல் பழைய டேப்புகளைப் படிக்காது என்பதால், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புது டேப்புக்கு மாற்ற வேண்டியிருக்கும். எடிட்டிங் ப்ராஜெக்ட் ஃபைலோடு, பயன்படுத்திய எழுத்துருக்களையும் மென்பொருளின் பதிப்பு எண்ணையும் ஒரே கோப்புறையில் எழுதி வையுங்கள்.